கிரேனக்கா உட்காரக் கற்ற கதை

ஆளைத் தூக்குவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. மூட்டை தூக்குவது வேலை, கல் தூக்குவது வேலை, மனிதனைத் தூக்குவதில் என்ன பெரிய வித்தை என்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, இடுப்பு ஒடிந்து கிடக்கும் எண்பது கிலோ மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு வலிக்காமல் மாற்றச் சொல்ல வேண்டும். அப்போது தெரியும் சங்கதி. அந்த வேலையை முப்பத்து நான்கு வருடம் செய்தவள் இவள். பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் உதவியாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் கிரேனக்கா.

பார்த்தால் நம்ப முடியாது. ஐந்தடி தொடாத உயரம், ஒடிசலான தேகம். பலம் உடம்பில் இல்லை, சூட்சுமத்தில் இருந்தது. நோயாளியின் முட்டிக்குத் தன் முட்டியை முட்டுக் கொடுப்பாள். அவருடைய இடுப்பைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடிப்பாள். "ஒண்ணு, ரெண்டு, ஏ!" என்று முன்னும் பின்னும் ஓர் ஆட்டு ஆட்டுவாள். அந்த ஆட்டத்திலேயே மனிதர் எழுந்து, அரைவட்டம் திரும்பி, நாற்காலியில் இருப்பார். தூக்கியது யார் என்று அவருக்கே விளங்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பலத்த செலவழிக்காத. வேகத்த செலவழி."

அவள் புருஷனும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தார். லிஃப்ட் ஆபரேட்டர். நாலு மாடி, ஒரு முக்காலி, ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். கதவைத் திறந்ததும் "மேலயா, கீழயா?" என்பார். இறங்கும்போது ஒவ்வொரு மாடியாக "நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு... கீழே" என்று அறிவிப்பார். அவருடைய லிஃப்ட் அவசரம் அறியாத ஜென்மம். பிரசவ வலியில் கத்திக்கொண்டு வந்த பெண்ணுக்கும் அதே வேகம், பிணத்துக்கும் அதே வேகம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனபோது வார்டில் ஒரே சிரிப்பு. "அவரு கைப்பிடியத் திருப்பித் தூக்குறாரு, இவ பல்லக் கடிச்சுத் தூக்குறா. பொருத்தம்னா இதுதான்" என்றாள் தலைமை நர்ஸ்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. போன பேச்சில் மிஞ்சியது "மேலயா, கீழயா?" மட்டும்தான். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான், மகள் தொலைபேசியில் கூப்பிட்டாலும் அதுதான். தொனியை வைத்து எது தண்ணீர், எது மூத்திரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தூக்கி உட்காரவைக்க இரண்டு ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். அந்நியர் கை பட்டதும் அவர் உடம்பு பயத்தில் பலகையாக விறைத்துவிடும். இரண்டு பேருமே ஒரு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. அவள் கை பட்டால்தான் அந்த உடம்பு இளகும். அதனால் மூன்று வருடமாக, காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, நடுவில் நாலைந்து தடவை கழிப்பறைக்கு என்று எல்லாத் தூக்கலும் அவளுடையதாக இருந்தது. அதைப் பாரமாக அவள் நினைத்ததே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். நினைத்திருக்கிறாள். ஆனால் வேறு யாரும் அவரைத் தொடுவதை அவளும் விரும்பவில்லை.

அறுபத்தெட்டாவது வயதில் அவளுக்கு நிமோனியா வந்தது. மகள் லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். வெளியூரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை அவளுக்கு. எதிர்வீட்டுத் தையல்காரர் தூக்க வந்தார். கிரேனக்கா தன்னுடைய பழைய ஆஸ்பத்திரியிலேயே பதினாறு நாள் படுத்துக் கிடந்தாள். காய்ச்சல் விட்டது. ஆனால் குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, காய்ச்சல் விட்டுவைத்ததைப் படுக்கை தின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தொடையைப் பிடித்துப் பார்த்தாள். தோல் தனியாக வந்தது. உள்ளே இருந்ததைக் காணோம்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கே இருந்த பிசியோவுக்கு நாற்பத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆளைத் தூக்கக் கற்றதே கிரேனக்காவிடம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறவள். அவள் ஒரு நாடாவை எடுத்து அக்காவின் கெண்டைக்காலை அளந்தாள். முகம் சுருங்கியது.

"வயசானா தசை தானா கரையும்க்கா. அதுல ரெண்டு வாரம் படுத்துட்டா பாதி வேலைய படுக்கையே முடிச்சிடும். இதுக்கு மாத்திரை கிடையாது. காலுக்கு வேலை குடுக்கணும், கஷ்டமான வேலை. கூடவே முட்டை, பருப்பு, பால். சாப்பிட்டா மட்டும் வராது, பயிற்சி மட்டும் செஞ்சாலும் வராது. ரெண்டும் சேரணும்."

"அறுபத்தெட்டுல ஏதும்மா புதுசா தசை? அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"தசைக்கு அந்தப் பழமொழி தெரியாதுக்கா. தொண்ணூறுலயும் வளரும். சரி, கைய மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க, பாப்போம்."

இங்கேதான் தப்பு நடந்தது. வேறு யாராக இருந்தாலும் இரண்டாம் தடவையே திணறியிருப்பார்கள். உண்மை அப்போதே வெளிவந்திருக்கும். கிரேனக்காவோ முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில், யோசிக்காமலே, விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். தலையை முன்னால் வீசி, கெண்டைக்காலின் பின்பக்கத்தை நாற்காலியில் அழுத்தி, ஓர் ஆட்டு ஆட்டி எழுந்தாள். உட்காரும்போது தொப்பென்று விழுந்தாள். விழுந்த வேகம் குறைவதற்குள் அடுத்த எழும்பல். பிசியோ கையிலிருந்த கடிகாரம் பதினொரு விநாடி காட்டியது.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சும்மாவா சொன்னாங்க!" என்று பிசியோ சிரித்தாள். பத்து பத்தாக நாளைக்கு மூன்று தடவை எழுந்து உட்காரவும், குதிகாலை உயர்த்தி இறக்கவும், படியில் ஏறி இறங்கவும் சொல்லி, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் கிரேனக்கா ஒரு நாள் தவறவிடவில்லை. சமையலறைக் கதவில் ஒட்டிய தாளில் கட்டத்துக்குக் கட்டம் டிக் விழுந்தது. எழுபது எண்பது நாற்காலி எழும்பல்கள்கூட அவளுக்கு அல்வா சாப்பிடுவது போலத்தான். வேகம் செலவழிந்தது, பலம் செலவழியவே இல்லை. அவள் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. சிரமப்படாமல் எழுவதுதான் சரியாக எழுவது என்று வாழ்நாள் முழுக்க நம்பியவள். சிரமம்தான் மருந்து என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

ஐந்தாவது வாரம், ஒரு காலைப்பொழுது. "ஒண்ணு, ரெண்டு, ஏ!" சொல்லி அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பினாள். எழுந்தார். திருப்பினாள். திரும்பினார். நாற்காலியில் இறக்கும்போது, பாதி வழியில், அவள் தொடை இரண்டும் கேட்காமல் கொள்ளாமல் கழன்றுகொண்டன. நாற்காலி பின்னால் ஓடியது. இருவரும் தரையில் கிடந்தார்கள், அவர் கீழே, அவள் அவர் தோள்மேல்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், வார்டில் பார்த்ததுபோல. எழுந்து நிற்கப் பார்த்தாள். முடியவில்லை. முன்னால் வீச இடமில்லை, பின்னால் அழுத்த நாற்காலி இல்லை. தரையிலிருந்து எழுவதற்கு எந்தச் சூட்சுமமும் இல்லை, கால்தான் வேண்டும். எத்தனையோ ஆயிரம் பேரைத் தூக்கியவள் தன்னைத் தூக்க முடியாமல் கிடந்தாள். சுவரோரம் வரை நகரவே அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கூரையைப் பார்த்தபடி, மிக மரியாதையாக, "மேலயா, கீழயா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்த தையல்காரர் கதவைத் தட்டியபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தையல்காரர் தொலைபேசியில் சொன்னதும் அன்று மாலையே மகள் வந்து இறங்கினாள். கத்தவில்லை. அப்பாவின் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டாள். அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன்மா. போன வருஷமே பாத்தேன், உன்கிட்ட சொல்லல. சுத்தமா இருக்கு. ரெண்டு மாசத்துல ஒரு கட்டில் காலியாகுது."

"ரெண்டு பேருக்குமா?"

"அப்பாவுக்கு மட்டும்தான். நடக்க முடிஞ்சவங்கள அங்க சேக்க மாட்டாங்க."

"அங்க யார் தொட்டாலும் அவர் வெறச்சுப் போயிடுவார்டி. கட்டிப் போட்டுருவாங்க."

"நீ ரெண்டு பேரையும் சேத்துக் கொன்னுருவ போலிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு மகள் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் இப்படி முடிவாயிற்று: அந்தக் கட்டிலைச் சொல்லி வைப்பது. எட்டு வாரம் பொறுப்பது. அதற்குள் அம்மாவால் அப்பாவைப் பத்திரமாக ஏற்றி இறக்க முடிகிறது என்று பிசியோ தன் கண்ணால் பார்த்துச் சொன்னால் அப்பா வீட்டில் இருக்கலாம். சொல்லாவிட்டால் வண்டி வரும். அதுவரை காலையும் மாலையும் தையல்காரர் வந்து தூக்குவார். அப்பா விறைப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பயிற்சி அறையில் பிசியோவுக்குக் குழப்பம். தாளைப் பார்த்தாள், எல்லாக் கட்டத்திலும் டிக். "பதினொரு செகண்டுல எழுந்தீங்களேக்கா. அப்புறம் எப்படி?"

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். கிரேனக்கா தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். காய்ச்சல் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், பிசியோ நம்பியிருப்பாள். ஆனால் எட்டு வாரத்தில் ஒரு வாரத்தைப் பொய்க்குக் கொடுக்க அவளிடம் இல்லை.

"என் கால் எழுந்திரிக்கலம்மா. நாற்காலிதான் என்ன எழுப்பிச்சு" என்றாள். எப்படி என்று செய்தும் காட்டினாள்.

பிசியோ நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து அறை நடுவில் போட்டாள். மேலே இரண்டு கெட்டி மெத்தைகளை அடுக்கினாள். "எழுந்திரிக்க வேணாம். நிக்கிறீங்க இல்ல, மெதுவா உட்காருங்க. நான் நாலு எண்ணுறேன். நாலுலதான் மெத்தை படணும்."

இரண்டு எண்ணும்போதே கிரேனக்கா விழுந்துவிட்டாள். மறுபடி. மறுபடியும் இரண்டு.

"ஏறும்போது வேகத்த வச்சு ஏமாத்தலாம்க்கா. எறங்கும்போது முடியாது. எறங்கும்போது பிரேக் போடுறது தசை மட்டும்தான். அவர எழுப்பும்போது விழல, எறக்கும்போதுதான் விழுந்தீங்க, கவனிச்சீங்களா?" பிசியோ குனிந்து மெத்தையைச் சரிசெய்தாள். "தப்பு எம்மேலயும் இருக்கு. கிரேனக்காவாச்சேன்னு உங்க பேரப் பாத்தேன், காலப் பாக்கல."

ஆக, அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண்மணி உட்காரக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். முன்னால் வீசக் கூடாது, கெண்டைக்கால் நாற்காலியில் படக் கூடாது, தொப்பென்று விழக் கூடாது. நாலு எண்ணி இறங்க வேண்டும். மூன்று தடவைக்கே தொடை நடுங்கும். மறுநாள் படி இறங்க முடியாமல் வலிக்கும். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. வாரம் போகப் போக மெத்தையின் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பிடிக்காத முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள்.

எண்ணிக்கைதான் அவளுக்கு எதிரி. வலி வந்ததும் வாய் தானாக "ஒண்ணுரெண்டுமூணுநாலு" என்று ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வீட்டில் அவள் எண்ணிக்கை அப்படி ஓடும்போது, பின்னால் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாலு."

திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு..." நீண்ட இடைவெளி. அவள் தொடை எரிந்தது. "ரெண்டு... ஒண்ணு..." அவள் மெத்தையைத் தொட்டதும், "கீழே" என்றார்.

மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புதுச் சொற்கள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை எறங்குவோமா?" என்று கேட்டு எழுந்தாள். அன்றிலிருந்து எண்ணுவது அவர் வேலை. எத்தனை வலித்தாலும், கெஞ்சினாலும், "ஏங்க, கொஞ்சம் சீக்கிரம் எண்ணக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தாலும் அந்த லிஃப்ட் தன் வேகத்தை மாற்றவில்லை.

ஆறாவது வாரம் பிசியோ வீட்டுக்கே வந்தாள். கிரேனக்கா அவரைத் தூக்கி இறக்குவதைப் பார்த்தாள். இறக்கம் கொஞ்சம் நடுங்கினாலும் நின்றது. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த முகத்தைப் பார்த்து பிசியோ மெதுவாகக் கேட்டாள்.

"அவரோட இடது கால் என்ன பண்ணுது?"

"இடது கால் நல்லாத்தானே இருக்கு."

"இருந்துச்சுக்கா. இப்ப வலது கால் மாதிரியே நோஞ்சானா இருக்கு, தொட்டுப் பாருங்க. மூணு வருஷமா அதுக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாத்தையும் நீங்களே தூக்கிட்டீங்க."

இந்த அடி முதல் அடியைவிடப் பலமாக விழுந்தது. தன் காலை ஏமாற்றியது தன்னோடு போகும். அவர் காலையும் தன் கெட்டிக்காரத்தனம்தான் தின்றிருக்கிறது. அன்பு என்று நினைத்துச் செய்த ஒவ்வொரு தூக்கலும் அந்தக் காலிடம் "நீ வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவர் முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முட்டுக் கொடுக்காமல், ஆட்டாமல், சும்மா நின்றாள். அவர் குழப்பத்தோடு பார்த்தார். "மேலயா?" என்று அவள் கேட்டாள். வெகுநேரம் கழித்து அவருடைய இடது தொடையில் ஒரு துடிப்பு ஓடியது.

எட்டாவது வாரக் கடைசியில் மகள் வந்தாள். பிசியோவும் வந்தாள். சுவரோரம் நின்றபடி மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் நுனியில் அவர், எதிரே கிரேனக்கா. அவர் இடது பாதத்தைத் தரையில் ஊன்றினார். பாரத்தில் கால் பங்கு, அதற்கு மேல் இராது, அவருடையது. மீதி அவளுடையது. "ஏ!" என்ற சத்தமே இல்லாமல் இருவரும் எழுந்தார்கள். திரும்பினார்கள். பிறகு அவர் எண்ணினார், அவள் இறக்கினாள், நடுவில் எங்கும் எதுவும் கழன்றுகொள்ளவில்லை. "கீழே" என்றபோது அவர் நாற்காலியில் இருந்தார்.

பிசியோ மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். மகள் வாசலுக்குப் போய், அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லித் தொலைபேசியில் பேசினாள். பேசி முடித்தும் உள்ளே வரச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம். பயிற்சி ஒரு வாரமும் நிற்கவில்லை. விட்டால் கரைந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். அவர் எழுந்து நடந்துவிடவில்லை, அப்படியெல்லாம் கதைகளில்தான் நடக்கும். ஆனால் கழிப்பறைக்குப் போகும்போது தன் பங்குக்கு எழுந்தார். எழுபது வயதில் அவள் மெத்தையே இல்லாமல், மணல் பை ஒன்றை அணைத்துக்கொண்டு, நாலு எண்ணி இறங்கினாள்.

ஒரு நாள் காலை அவர் கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார், தன் கட்டிலில்.

மதியம் வாசலில் வண்டி வந்து நின்றது. ஒரு காலத்தில் அவள் பயந்த இல்லத்து வண்டி வேறு, இது அமரர் ஊர்தி. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்கள். படுக்கை விரிப்போடு தூக்கி இறக்க நாலு பேர் வேண்டும். இரண்டு ஆட்கள், தையல்காரர். நாலாவது மூலை காலியாக இருந்தது, தலைமாட்டு மூலை. மகள் முன்னால் வந்தாள். அதற்குள் கிரேனக்கா விரிப்பின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, வேணாம்மா. உனக்கு எழுபத்திரண்டு வயசு."

"தள்ளு. வேற யார் கை பட்டாலும் அவர் வெறச்சுப் போயிடுவார்" என்றாள். அவர் ஏற்கெனவே விறைத்திருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

தூக்கினார்கள். கட்டிலைத் தாண்டியதும் ஆட்களில் ஒருவர் வழக்கம்போல வேகமாகக் குனியப் போனார். "அவசரப்படாதீங்க தம்பி" என்றாள் கிரேனக்கா. "நான் எண்ணுறேன். எண்ணுக்கு ஒரு படி எறக்குங்க."

"நாலு." எல்லோரும் முட்டியை மடக்கினார்கள்.

"மூணு." தையல்காரருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.

"ரெண்டு." அவள் தொடை நடுங்கவில்லை.

"ஒண்ணு." அவர் தலை ஸ்ட்ரெச்சரைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவள் குனிந்தபடியே காத்திருந்தாள். கடைசிச் சொல் எப்போதும் அவர் சொல்வதுதான்.